கட்டிலடியில் கேட்கக் கூடாத கேள்வி

புதிதாக எங்கள் ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

உங்கள் பொறுப்புத் தாதி போன கிழமை என்னைத் தொலைபேசியில் பிடித்து, "அக்கா, புதுசா வந்த பிள்ளையளுக்கு ஏதும் எழுதித் தாங்கோ" என்றாள். என்னிடம் வேலை பழகியவள் அவள். இப்போது என்னையே வேலை வாங்குகிறாள். ஓய்வு பெற்ற பிறகு பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவதும், அயலட்டைக்குப் பிரஷர் பார்த்துச் சொல்வதும்தான் என் உத்தியோகம். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

ஊசி ஏற்றுவதையும் மருந்து கலப்பதையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிடத் திறமாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். சீருடையின் கஞ்சி மொடமொடப்பே அதைச் சொல்கிறது. தொண்டையில் ரொன்சில் சதையை எடுக்க வந்த ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெயரை அபிநயா என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தோசமான கதை இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு வாசியுங்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் விடுதிக்கு இருந்த காது மூக்குத் தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணரை நாங்கள் 'சேர்' என்றுதான் சொல்வோம். கத்தி பிடிக்க ஆசைப்படாத சத்திரசிகிச்சை நிபுணர் அவர். தொண்டை நோவோடு பிள்ளையைக் கூட்டி வருகிற தாய்மாரில் முக்கால்வாசிப் பேர், "சேர், உந்த ரொன்சிலை வெட்டி எறிஞ்சு விடுங்கோ" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எடுத்து அது கொழுத்துவிட்டதாம், இதற்கும் எடுக்க வேண்டுமாம். சேர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார். வருடத்தில் ஒன்றிரண்டு தரம் காய்ச்சலோடு தொண்டை வீங்குவது பிள்ளைகளுக்கு வழமை, வளர வளர அது அடங்கிவிடும் என்பார். திரும்பத் திரும்பச் சீழ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகாமல் படுக்கிற பிள்ளைக்கும், நித்திரையில் மூச்சு அடைபடுகிற பிள்ளைக்கும்தான் எடுக்க நாள் கொடுப்பார்.

மூச்சு அடைபடுகிறதா என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. தாயைப் பார்த்து, "பிள்ளை நித்திரை கொள்ளேக்கை என்ன மாதிரிச் சத்தம் வரும்? ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்பார். தாய்மாருக்கு வெட்கம் வந்துவிடும். பிறகு ஒரு மாதிரி வாயைத் திறந்து 'கொர்' என்பார்கள். வாங்குகளில் காத்திருக்கிற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சேர் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். இடைவிடாமல் குறட்டை விட்டுக் காட்டினால், "அது வெறும் சளித் தடிமன். வீட்டை கொண்டு போங்கோ" என்பார். குறட்டையின் நடுவில் தாய் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்து நிறுத்தினால் அவர் முகம் மாறும்.

அபிநயாவின் தாய் புத்தூரில் இருந்து வந்தவர். வெங்காயம் செய்கிற குடும்பம். பிள்ளைக்கு ஏழு வயது. கண்ணைச் சுற்றிக் கருமை, எந்நேரமும் திறந்த வாய், வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று ரீச்சரிடம் ஏச்சு. சேர் கேட்டதும் அந்தத் தாய் வெட்கப்படவில்லை. கண்ணை மூடினார். கொர், கொர் என்றார். பிறகு ஒன்றும் இல்லை. நெஞ்சு மேலும் கீழும் போகிறது, காற்று மட்டும் வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்த சனம் அடங்கிப் போனது. கடைசியில் ஒரு விக்கலோடு மூச்சை இழுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"நான் பக்கத்திலை முழிச்சுக்கொண்டு கிடக்கிறனான் சேர். மூச்சு நிண்டவுடனை தட்டி எழுப்பிவிடுவன். நான் அயர்ந்திட்டால் என்ன செய்யிறது எண்டு பயம்."

"இது எடுக்கத்தான் வேணும் அம்மா" என்றார் சேர்.

எடுக்கச் சொன்ன முடிவில் பிழை இல்லை என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. பிள்ளையை எப்படியும் காப்பாற்ற நினைத்த தாய்தான் அவர். அதையும் மறக்காமல் மிச்சத்தை வாசியுங்கள்.

விடுதியில் சேர்த்த நாள் பார்வையாளர் நேரம். அபிநயாவின் அக்காவுக்கு அப்போது கலியாணப் பேச்சு நடந்து, சாதகமும் பொருந்தி, மாப்பிள்ளை வீட்டார் போக்குவரத்துத் தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்லூர், வங்கியில் வேலை. மாப்பிள்ளையின் தாய் ஹோர்லிக்ஸ் போத்தலும் முந்திரிகைப் பழமும் கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்து கட்டிலடியில் இருந்தார். படித்த, அமைதியான மனுசி. அபிநயாவுக்கு அவரை நல்லாய்ப் பிடித்துவிட்டது. "ஒப்பரேசன் முடிஞ்சால் ஐஸ்கிறீம் தருவினமாம், நீங்களும் வாங்கித் தருவியளோ?" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நல்லூர் ஐஸ்கிறீம் கடைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற மாமி கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் விடும்?

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பயிற்சி வைத்தியர் வந்தாள். கெட்டிக்காரி, ஒன்றையும் விடமாட்டாள். காய்ச்சல், சளி, ஒவ்வாமை எல்லாம் வரிசையாகக் கேட்டாள். பிறகு, "அம்மா, உங்கடை குடும்பத்திலை ஆருக்கும் ரத்தம் நிக்காமல் போற வருத்தம் இருக்கோ?" என்று கேட்டாள்.

"சீச்சீ, எங்கடை பரம்பரையிலை அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர்."

நான் அடுத்த கட்டிலில் சேலைன் மாற்றிக்கொண்டிருந்தேன். கேள்வியும் காதில் விழுந்தது, பதிலும் விழுந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்றுதான் எவருக்கும் பட்டிருக்கும். வழமையான ரத்தப் பரிசோதனைகளிலும் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வகை வருத்தம் சாதாரணச் சோதனைகளில் ஒளிந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. அன்றிரவு அபிநயா வாயை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் நித்திரை கொண்டாள். பக்கத்தில் இருந்த தாய் அந்த அமைதியைக் கண்டு பயந்து இரண்டு தரம் அவளை எழுப்பிப் பார்த்ததாகக் காலையில் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு விடும்போது நான்தான் புத்தி சொல்லி அனுப்பினேன். வெட்டின இடத்துப் பொருக்கு விழுகிற நாள்களில் கவனம். துப்பலில் துளி ரத்தம் கண்டாலும் உடனே கொண்டு வாருங்கள். சிவப்பு நிறத்தில் சர்பத்தோ வேறெதுவோ கொடுக்காதீர்கள், ரத்தமா சாயமா என்று தெரியாமல் போய்விடும். எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸி, ஓம் மிஸி" என்றார்.

ஒரு கிழமை இருக்கும். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டாரின் வான் வண்டியில்தான் பிள்ளையைக் கொண்டு வந்தார்கள். தகப்பன் மடியில் கிடத்தியிருந்தார். அவருடைய வேட்டி முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தது. பிள்ளை அழவில்லை. கண்ணைப் பாதி மூடியபடி ரத்தத்தை விழுங்கிக்கொண்டே இருந்தாள். தொண்டை ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தேன். விழுங்குகிற பிள்ளையைக் கண்டால் ஓட வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். ஓடினோம்.

சேர் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், சத்திரசிகிச்சைக் கூடக் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"சிஸ்டர், ஒரு இடத்திலை எண்டால் கட்டிப்போடுவன். எல்லா இடத்தாலும் கசியுது. தாய் ஏதோ சொல்லேல்லை. நான் போய்க் கேட்டால் சொல்ல மாட்டா. நீங்கள் கேளுங்கோ. கெதியா."

வெளியே வந்து பார்த்தேன். கதவடியில் தகப்பன், மூத்த மகள், மாப்பிள்ளையின் தாய், இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோருக்கும் நடுவில் அந்தத் தாய். அங்கேயே கேட்டிருந்தால் அதே 'சீச்சீ'தான் எனக்கும் கிடைத்திருக்கும். யோசிக்க நேரம் இல்லை என்பதும் உண்மை, யோசிக்காமல் வாய் திறந்தால் எல்லாம் போய்விடும் என்பதும் உண்மை. "பிள்ளைக்கு உடுப்பு மாத்த வேணும், நீங்கள் மட்டும் வாங்கோ" என்று கையைப் பிடித்து, படுக்கை விரிப்புகள் வைக்கிற அறைக்குள் கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

யாருக்காவது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. "உங்கடை ஆக்களிலை ஆருக்கு ரத்தம் நிக்காமல் போனது?" என்றுதான் கேட்டேன்.

அந்தத் தாய் விரிப்பு அடுக்கில் சாய்ந்தார். "என்ரை தம்பிக்கு" என்றார். "பல்லுப் பிடுங்கினவன் மிஸி. வாய்க்குள்ளை பஞ்சு வைச்சு வைச்சு, கடைசியிலை..." அதற்கு மேல் அந்தக் கதை வரவில்லை. "மூத்தவளுக்கும் மாதத்திலை நிக்காது. பெரிய பிள்ளையான நேரம் ரத்தம் ஏத்தினது. எனக்கும் அப்பிடித்தான். அம்மா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவ, ஒருத்தருக்கும் வாய் திறக்கக் கூடாது, பிறகு எங்கடை பெட்டையளை ஒருத்தரும் எடுக்க மாட்டினம் எண்டு. இது பரம்பரை வருத்தம் எண்டு இவருக்குக்கூடத் தெரியாது மிஸி. தம்பி காய்ச்சலிலை போனவன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கு."

கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன். ரத்த வங்கியில் இருந்து உறைய வைக்கும் பொருள் வந்தது. ஏற்றினோம். கசிவு குறையத் தொடங்கியது. ஆனால் அதற்குள் பிள்ளை இழந்தது அதிகம். ரத்தம் சுவாசத்துக்குள்ளும் போயிருந்தது. ஐந்து மணியளவில் எல்லாம் முடிந்துவிட்டது.

சேர் வெளியே வந்து தகப்பனிடம் சொன்னார். அந்த மனிசன் விளங்காமல் சேரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ரொன்சிலுக்கோ சேர்?" என்று கேட்டார். எனக்கு இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தால் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும்.

பயிற்சி வைத்தியர் அழுது முகம் வீங்கிப் போனாள். "நான் கேட்டனான் சேர், கேட்டனான்" என்றாள். "ஓம், கேட்டனீர்" என்றார் அவர். "பிழையான இடத்திலை கேட்டிட்டம். உம்மை மட்டும் சொல்லேல்லை. இவ்வளவு காலமும் எல்லாரும் அங்கைதான் கேட்டது." அடுத்த கிழமையே அந்த விரிப்பு அறையில் இரண்டு கதிரை போடச் சொன்னார். அன்று முதல் எங்கள் விடுதியில் அந்தக் கேள்வி அந்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தாயிடம் தனியாகக் கேட்கப்பட்டது. தகப்பனையும் வெளியே நிற்கச் சொல்வோம். சில தகப்பன்மாருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நீங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. குறட்டையால் எங்கள் ஊரில் கலியாணம் குழம்பாது. அதைச் சந்தை கூட்டியும் செய்து காட்டலாம். ரத்தம், வலிப்பு, மனவருத்தம் இதெல்லாம் வேறு கதை. பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டில் இவற்றைப் பூட்டி வைத்துவிடுவார்கள். கேட்கிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்திருப்பவர் வருங்காலச் சம்பந்தியாக இருக்கலாம். அவருக்கு முன்னால் கேட்டுப் பெறுகிற 'இல்லை'க்கு ஒரு பெறுமதியும் இல்லை.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மிச்சத்தை எழுதாமல் விட்டால் அந்தத் தாயை நீங்கள் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்.

கீரிமலையில் காரியங்கள் முடித்து, முப்பத்தோராம் நாள் கிரியையும் கழிந்த பிறகு ஒரு நாள் அவர் விடுதிக்கு வந்தார். உடுத்தியிருந்த சீலை அவருடையது போலவே இல்லை, அவ்வளவு மெலிந்திருந்தார். நான் கதிரை எடுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"மிஸி, நல்லூருக்குப் போறன். மாப்பிள்ளை வீட்டை. எல்லாத்தையும் சொல்லப் போறன். நீங்களும் வாறீங்களோ? நான் தனியப் போனால் பாதிதான் சொல்லுவன்."

"மகளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். அது அந்தப் பெண்ணின் உடம்பு, அவளைக் கேட்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"அவள்தான் போகச் சொன்னவள். அப்பாவுக்கும் சொல்லிப்போட்டம்."

தகப்பன் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அந்தத் தாயும் சொல்லவில்லை. ஒரு தாதி இதற்கெல்லாம் போக வேண்டுமா என்று உங்களில் யாராவது கேட்கலாம். எனக்கும் தெரியாது. அடுத்த ஓய்வு நாளில் போனேன்.

மாப்பிள்ளையின் தாய் எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தார். அபிநயாவின் தாய் அதைத் தொடவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டே சொன்னார். தம்பியின் பல்லு, மூத்தவளின் மாதங்கள், தன்னுடைய கதை, ஒன்றையும் விடவில்லை. கடைசியாக, கலியாணத்துக்கு நாள் வைக்க அவர்கள் புத்தூருக்கு வந்திருந்த அன்று நடந்ததையும் சொன்னார். காலையிலேயே பிள்ளையின் துப்பலில் ரத்தம் கண்டாராம். வந்திருக்கிற ஆட்கள் போகட்டும், அதற்குள் நின்றுவிடும் என்று ஐஸ்கட்டி கொடுத்துப் பின்னால் படுக்க வைத்தாராம்.

"முற்றத்திலை சிவப்பாத் துப்பினதை நானும் கண்டனான்" என்றார் மாப்பிள்ளையின் தாய் மெல்ல. "என்ன பிள்ளைக்கு எண்டு கேட்டனான்."

"ஓம் அக்கா. சர்பத் குடிச்சவள் எண்டு சொன்னன்."

அந்த மனுசி தன் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். முதலில் என்னைப் பார்த்து, "இதுக்கு மருந்து இருக்கோ மிஸி? பிள்ளைப்பேறு கரைச்சலோ?" என்று கேட்டார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆயத்தத்தோடு செய்யலாம், தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். "மகனோடை கதைக்கிறன். அவன் மாட்டன் எண்டு சொல்ல மாட்டான்" என்றார். பிறகு அபிநயாவின் தாயின் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளையின் தாயின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கோ? இதுக்காகவோ அந்தப் பிள்ளையைப் பறிகுடுத்தனீங்கள்?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தாங்க முடியாமல் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அவரே பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அபிநயாவின் தாய் அழவில்லை. "நாங்கள் வெளிக்கிடுறம் அக்கா" என்று எழும்பினார்.

சொன்னபடியே அந்தக் கலியாணம் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு நடந்தது. மூத்தவளுக்கு இப்போது ஒரு ஆண் பிள்ளை. பேறு ஆபத்தில்லாமல் முடிந்தது, ஏனென்றால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் தொழிலில் இதை வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அன்று நல்லூரில் இருந்து ஓட்டோவில் திரும்பியபோது நடந்ததுதான் எனக்குப் பெரிதாக நிற்கிறது. பாதி வழி வரைக்கும் அபிநயாவின் தாய் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று, "பாருங்கோ, அவை நல்ல ஆக்கள். ஒண்டும் மறுக்கேல்லை" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மறுத்திருக்கலாம் மிஸி. வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால், நான் பயந்ததிலை நியாயம் இருந்தது எண்டாவது நினைச்சிருப்பன்."